யாரிடம் முதலிற் செல்வது?

எமது தமக்கையாரின் மகள் ஒரு தாதி. அரசினர் வைத்தியசாலை ஒன்றிலே சில ஆண்டுகளாகக் கடமை பார்த்து வருபவள். வெளிநாடு சென்று தொழில் பார்க்கவேண்டும் என்னும் எண்ணத்தினால் இப்பொழுது ஒரு பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்கின்றாள். அமெரிக்க ஐக்கிய நாட்டிலே தாதியாகத் தொழில் புரிய விரும்புவோர் எழுதித் தேறவேண்டிய உரிமப் பரீட்சை அது. 'என்கிளெக்ஸ்' என்பது அதன் சுருக்கப் பெயர். கனடாவின் பெரும்பாலான மாகாணங்கள் 2015 ஆம் ஆண்டு தொடக்கம் அதனையே ஏற்றுக்கொண்டன. அவுஸ்திரேலியாவும் 2020 முதல், பிற நாடுகளிற் பயின்று வருந் தாதியருட் பலரை அப்பரீட்சை எழுதும்படி பணிக்கின்றது. ஆதலின் எமது ஊர்களிலும் அதற்குப் படிக்கும் பிள்ளைகள் உளர்.

சென்ற போயா தினத்தன்று அவள் தடித்த வினாத்தொகுதி ஒன்றுடன் எமது வீட்டுக்கு வந்தாள். முகம் வாடியிருந்தது.

"மாமா, நான் ஒவ்வொரு நாளும் செய்கிற வேலையைத்தான் இதிலே கேட்கிறார்கள். ஆனால், 'நால்வரில் யாரிடம் முதலிற் போவாய்' என்று கேட்கிற கேள்விகளிலே பத்துக்கு ஆறு பிழைக்கிறது. எனக்கு இங்கிலீசு விளங்கவில்லையோ, யோசிக்கிற விதம் பிழையோ தெரியவில்லை. நீங்கள் அளவையியல் படிப்பிக்கிறவர்தானே, ஒருக்காற் பாருங்கோ," என்றாள்.

நாம் வைத்தியம் அறியோம். ஆயினும், ஒரு வினாவிலே எது கேட்கப்படுகின்றது, எது கேட்கப்படவில்லை என்று பிரித்துப் பார்ப்பது எமது தொழில். ஆகவே உட்கார்ந்தோம். அன்று பகல் முழுவதும் அவள் வைத்தியஞ் சொல்ல, நாம் வினாவை ஆராய, இருவரும் கற்றுக்கொண்டவற்றை வாசகர்களுக்குச் சொல்லுதல் பயனுடைத்தென நினைக்கின்றோம்.

அவள் பிழைவிட்ட முதல் வினா இவ்வகையினது:

சத்திரசிகிச்சை விடுதியொன்றிலே நால்வர் நோயாளர். முதலாமவர், நேற்றுப் பித்தப்பை அகற்றப்பெற்றவர்; காயத்தின் நோவு பத்துக்கு எட்டு என்கின்றார். இரண்டாமவர் நீரிழிவுக்காரர், குருதியில் வெல்லத்தின் அளவு 210 என்று பதிவாகியிருக்கின்றது. மூன்றாமவர், முழங்காலின் கீழே எலும்பு முறிந்து பிளாஸ்ரர் கட்டு இடப்பெற்ற இளைஞர். ஒரு மணித்தியாலத்துக்கு முன்னே நோவு மருந்து கொடுத்தும் தணியவில்லை என்றும், கால்விரல்கள் விறைப்பாயிருக்கின்றன என்றும் சொல்கின்றார். நான்காமவர், வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டப்படவிருப்பவர். தாமதத்தைக் கண்டு அவருடைய உறவினர் சத்தமிடுகின்றனர். தாதி முதலில் யாரிடஞ் செல்லவேண்டும்?

எம் மருமகள் முதலாமவரைத் தெரிந்தாள். "பத்துக்கு எட்டு நோவென்று ஒரு மனிசன் சொல்லும்போது போகாமல் விடலாமா, மாமா?" என்று கேட்டாள். அவள் இளகிய மனத்தினள். அந்த இளக்கமே அவளை வழிதவறச் செய்தது.

சரியான விடை மூன்றாமவர். முறிந்த காலின் தசைகள் வீங்குகின்றன. தசைகளைச் சுற்றியுள்ள உறை இலகுவில் விரிந்து கொடுப்பதன்று. அதன் மேலே பிளாஸ்ரரும் இறுக்குகின்றது. உள்ளே அழுத்தம் ஏறக் குருதியோட்டம் தடைப்படும். அந்நிலை ஆறு மணி நேரமளவில் நீடிப்பின் தசையும் நரம்பும் மீளாவகை கெட்டுப்போகும். காலையே இழக்கவும் நேரலாம். வழக்கமாக வீங்கிய காலை உயர்த்தி வைப்பர். இங்கோ அவ்வாறு செய்தால் உள்ள குருதியோட்டமுங் குறையும். வைத்தியரை உடனே அழைக்கவேண்டும், கட்டைத் தளர்த்தவேண்டும்.

இவற்றையெல்லாம் அவள் அறியாதவள் அல்லள். கேட்டவுடன் கடகடவென்று ஒப்புவித்தாள். அறிந்திருந்தும் ஏன் பிழைத்தாள்? 'யார் அதிகம் வருந்துகின்றார்?' என்னும் வினாவுக்கு அவள் விடை எழுதினாள். வினாத்தாள் கேட்டதோ, 'இப்பொழுது போகாவிட்டால் யாருக்கு மீளாத இழப்பு நேரும்?' என்பதாகும். அன்றியும், 'முதலில்' என்னுஞ் சொல்லை அவள் 'மட்டும்' என்று பொருள்கொண்டாள். மூன்றாமவரிடம் முதலிற் செல்வதால் முதலாமவர் கைவிடப்படவில்லை. அவருக்கும் மருந்து உண்டு. சிறிது நேரங் கழித்து உண்டு. சத்திரசிகிச்சைக்கு மறுநாட் காயம் நோவது எதிர்பார்க்கப்பட்டதே. மருந்துக்கு அடங்காத நோவும், அதனோடு சேர்ந்த விறைப்பும் எதிர்பாராதவை. எதிர்பார்த்ததற்கும் எதிர்பாராததற்கும் உள்ள இவ்வேற்றுமையே இத்தகைய வினாக்களின் சாவி.

இம்முறை புதிதன்று. நெப்போலியனுடைய சேனையிலே சத்திரவைத்தியராயிருந்த லாரே என்பவர், காயமுற்றோரைப் பதவி நோக்காது காயத்தின் கடுமை நோக்கியே கவனிக்கவேண்டும் என்னும் விதியைப் போர்க்களத்தில் நிலைநாட்டியவர். தளபதியின் கீறற்காயம் காத்திருக்க, சிப்பாயின் அறுந்த நாடி முதலிற் கட்டப்பட்டது. வகைபிரித்தல் எனப் பொருள்படும் 'திரியாஜ்' என்னும் பிரெஞ்சுச் சொல் இன்றும் வைத்தியசாலைகளில் வழங்குகின்றது.

இனி, மாணவர்கள் இவ்வினாக்களுக்கு மனனஞ் செய்யும் சூத்திரங்கள் சில உள. மூச்சுக்குழாய், சுவாசம், குருதியோட்டம் என்னும் ஒழுங்கு ஒன்று. மனிதத் தேவைகளைப் பற்றி மாஸ்லோ என்னும் உளவியலறிஞர் 1943 இல் வகுத்த படிமுறை மற்றொன்று. உடலின் தேவை முன்னும் உள்ளத்தின் தேவை பின்னும் வரும். திடீரென வந்தது நெடுங்கால நோய்க்கு முன், நிலைதளம்பியவர் நிலையானவருக்கு முன் என்பனவும் உள. யாவும் நல்ல விதிகளே. ஆனால் விதியை மனனஞ் செய்தவன் விதியை விளங்கினவன் ஆகான் என்பதை அடுத்த வினா காட்டிற்று.

இங்கும் நால்வர். ஒருவர், பல்லாண்டாக நுரையீரல் அடைப்பு நோயினால் வருந்துபவர். குருதியில் ஒட்சிசனின் அளவு நூற்றுக்கு 90. இன்னொருவர், நேற்றுத் தைரொயிட்டுச் சுரப்பி அகற்றப்பெற்ற பெண். வாயைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் எறும்பு ஊர்வது போலிருக்கின்றது, வேறொன்றுமில்லை என்கின்றார். மற்றொருவர் சிறுநீரகஞ் செயலிழந்தவர். கால் வீங்கியிருக்கின்றது, நாளைக்குக் குருதிச் சுத்திகரிப்பு. கடைசியானவர் நிமோனியாக் காய்ச்சலுக்கு மருந்து ஏற்றப்படுபவர், வெப்பம் 38.5 பாகை.

"மூச்சு முதலில், ஆகவே நுரையீரல் நோயாளி," என்று எம் மருமகள் சூத்திரத்தைச் சொல்லி விடையை வளைத்தாள். பிழை. அந்நோயுடையவருட் பலருக்கு வைத்தியர்கள் 88 இலிருந்து 92 வரையுள்ள அளவையே இலக்காக வைக்கின்றனர். எனவே, அவருக்கு 90 என்பது வழக்கமான நாள். தைரொயிட்டுச் சுரப்பியின் பின்புறத்திலோ நான்கு சிறு சுரப்பிகள் ஒட்டியிருக்கின்றன. குருதியிலுள்ள கல்சியத்தின் அளவைக் காப்பவை அவையே. சத்திரசிகிச்சையின்போது அவற்றுக்கு ஊறு நேர்ந்தால் கல்சியம் குறையும். அதன் முதல் அறிகுறி வாயைச் சுற்றிய ஊர்வு. கவனியாது விட்டால் தசைகள் இழுக்கும். குரல்வளை இறுகி மூச்சே அடைபடும்.

மூச்சு முதலில் என்னும் விதி இங்கே பொய்க்கவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். இன்று யாருடைய மூச்சைப் பற்றி எழுதியிருக்கின்றது என்று மட்டும் பார்த்தாள் எம் மருமகள். இன்னுஞ் சில மணி நேரத்தில் யாருடைய மூச்சு அடைபடும் என்று பார்த்திருந்தால், அதே விதி அவளைச் சரியான கட்டிலுக்கு அழைத்துச் சென்றிருக்கும். 'வேறொன்றுமில்லை' என்று நோயாளி சொல்லிய சொல் அவளை ஏமாற்றிவிட்டது. நோயாளி அறியமாட்டார்; தாதி அறிந்திருக்கவேண்டும்.

மூன்றாவது வகை வினா எண்களைப் பற்றியது. குடலிற் சத்திரசிகிச்சை செய்யப்பெற்ற ஒருவரின் நாடித்துடிப்பு காலை எட்டு மணிக்கு 84, ஒன்பதுக்கு 98, பத்துக்கு 116. குருதியமுக்கத்தின் மேலெண் அதே நேரங்களில் 130, 122, 108. ஒவ்வோர் எண்ணையும் தனியே பார்த்தால் எவரும் திடுக்கிடார். மூன்றையும் வரிசையாகப் பார்த்தாலோ, உள்ளே எங்கோ குருதி கசிகின்றது என்னும் ஐயம் எழும். நாடி ஏறுகின்றது, அமுக்கம் இறங்குகின்றது. இத்துடன் நோயாளி அமைதியின்றிப் புரள்கின்றார் என்றும் எழுதியிருந்தால், காத்திருக்க நேரமில்லை.

இவ்விடத்தில் எமக்கு ஒரு பழைய மாலைப்பொழுது நினைவுக்கு வந்தது. அதனை எம் மருமகளுக்குச் சொன்னோம். இங்கும் மறைக்காது சொல்கின்றோம்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எமது தந்தையார் குடலிறக்கத்துக்குச் சத்திரசிகிச்சை செய்யப்பெற்று ஒரு வைத்தியசாலையில் இருந்தார். பார்வையாளர் நேரத்தில் நாம் சென்றபோது அவர் காயம் நோகின்றது என்று உரத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஏற்றப்பட்ட சேலைனும் முடிந்திருந்தது. முப்பதுக்கு மேற்பட்ட கட்டில்களுக்கு அன்று இரண்டே தாதியர். ஒருவர் எம்மைக் கடந்து சென்றார். "மிஸ்ஸி, இங்கே வாருங்கள்," என்றோம். "பத்து நிமிடம் பொறுங்கோ ஐயா," என்று சொல்லிவிட்டு எதிர்க் கட்டிலுக்குப் போனார்.

எதிர்க் கட்டிலிலே மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த இளைஞன் ஒருவன் படுத்திருந்தான். அவன் கூப்பிடவில்லை. முனகவுமில்லை. உறங்குகின்றான் என்றே நாம் எண்ணினோம். எமக்குக் கோபம் மிகுந்தது. எமது தந்தையாரும் நோயாளிதானே என்றும், கூப்பிடுகின்றவரை விட்டு உறங்குகின்றவனை எழுப்பப் போகின்றீர்களே என்றும், மேலிடத்தில் முறையிடுவோம் என்றும், கல்லூரி ஆசிரியன் ஒருவன் பேசத்தகாத சில சொற்களைப் பேசினோம். அத்தாதி திரும்பிப் பார்க்கவில்லை. அவனுடைய மணிக்கட்டைப் பிடித்தார், நெற்றியைத் தொட்டார், கருவியைச் சுற்றிக் குருதியமுக்கம் பார்த்தார், பின்னர் ஓடினார். சில நிமிடத்தில் வைத்தியர் வந்தார். தள்ளுவண்டி வந்தது. அவனைச் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குக் கொண்டு சென்றனர்.

மண்ணீரல் கிழிந்து வயிற்றினுள்ளே குருதி பெருகியிருந்தது என்று பின்னர் அறிந்தோம். மற்றத் தாதியிடம் விசாரித்தபோது, "அவர் காலை முதல் முனகிக்கொண்டே இருந்தவர். திடீரென்று அடங்கிப்போனார். அதுதான் மிஸ்ஸி போய்ப் பார்த்தவ," என்றார். எமக்கு உறக்கமாகத் தோன்றிய அமைதியே அவருக்கு அபாய மணியாக ஒலித்தது.

முக்கால் மணித்தியாலங் கழித்து அத்தாதி எமது தந்தையாரிடம் வந்து, மருந்தேற்றி, சேலைனை மாற்றி, தலையணையைச் சீராக்கினார். நாம் பேசிய பேச்சைப் பற்றி ஒரு சொல்லுஞ் சொல்லவில்லை. நாமும் மன்னிப்புக் கேட்கவில்லை, நாக்கு எழவில்லை. தந்தையார்தாம், "அந்தப் பெடியன் எப்படிப் பிள்ளை?" என்று கேட்டார். மூன்றாம் நாள் அவன் கண்விழித்தான் என்று கேள்வியுற்றபோது அவர் அழுதுவிட்டார். அத்தாதியின் பெயரைக்கூட நாம் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

இதனைக் கேட்டிருந்த எம் மருமகள் சிறிதுநேரம் பேசாதிருந்தாள். பிறகு ஒன்று சொன்னாள். "மாமா, புத்தகத்திலே நால்வரின் அறிகுறிகளையும் எழுதியே தந்துவிடுகிறார்கள். விடுதியிலே ஒருவரும் எழுதித் தருவதில்லை. நான் போய்ப் பார்த்தால்தான் அறிகுறி தெரியும். யாரைப் போய்ப் பார்ப்பது என்று தெரிந்துகொள்வதற்கே அறிகுறி வேணும்."

இது நாம் எதிர்பாராத கருத்து. அளவையியலாசிரியனுக்கும் விடை சொல்லக் கடினமானது. புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் 1859 இல் வெளியிட்ட தாதிமைக் குறிப்புகள் என்னும் நூலிலே, நோயாளரை உற்றுநோக்குதற்கெனத் தனி அத்தியாயம் ஒன்றை வகுத்தார். காரணம் இதுவே. கட்டில்களின் நடுவே நடந்துசெல்லும்போதே கண்ணும் காதும் தொழில் செய்யவேண்டும். நேற்று இருந்த நிலையை மனம் நினைவில் வைத்திருக்கவேண்டும்.

பரீட்சையை நடத்துவோரும் இதனை உணர்ந்தனர் போலும். 1994 தொடக்கம் இப்பரீட்சை கணினியிலே நடைபெறுகின்றது. விடைக்கேற்ப அடுத்த வினாவின் கடினத்தைக் கணினி மாற்றும். 2023 ஏப்ரலில் அதன் அமைப்புத் திருத்தப்பட்டது. ஐந்து மணி நேரத்துள் 85 முதல் 150 வரையுள்ள வினாக்கள் வருகின்றன. அவற்றுட் சில, ஒரே நோயாளியைத் தொடர்ந்து செல்வன. அறிகுறியைக் கண்டுகொள்ளுதல், அதனை ஆராய்தல், எது முந்தியதெனத் துணிதல், வழி வகுத்தல், செயற்படுதல், பயனை மதிப்பிடுதல் என ஆறு படிகள். தேவையற்ற செய்திகள் பல கலந்திருக்கும் குறிப்பேட்டிலிருந்து வேண்டியதைப் பொறுக்கியெடுக்கும் ஆற்றலையே முதற்படி சோதிக்கின்றது. மனனம் இங்கே உதவாது.

தாதியர் பயிற்சியை நாடும் மாணவ மாணவியருக்கு, எம் மருமகளுக்குச் சொன்ன வழியையே சொல்வோம். வினாவை வாசிக்கும்போது 'திடீரென', 'இப்பொழுது', 'சத்திரசிகிச்சையின் முதல்நாள்' போன்ற காலங்குறிக்கும் சொற்களின் கீழே கோடிடுக. நால்வரில் ஒவ்வொருவருக்கும், 'இந்நோய்க்கு இது எதிர்பார்க்கத்தக்கதா?' என்று கேட்க. எதிர்பாராததெனின், 'ஒரு மணி நேரங் கழித்து என்னவாகும்?' என்று கேட்க. விடையைத் தெரிந்தபின், எஞ்சிய மூவரும் ஏன் காத்திருக்கலாம் என்பதற்கு ஆளுக்கொரு வாக்கியம் எழுதுக. இந்தக் கடைசிப் பயிற்சியே முக்கியமானது. 'இவர் ஏன் முதலில்?' என்பதற்கு யாரும் ஒரு காரணம் சொல்லிவிடலாம். 'அவர் ஏன் காத்திருக்கலாம்?' என்பதற்குக் காரணம் எழுத முடியாதவிடத்து, விடை ஊகமேயன்றி அறிவன்று.

நாளொன்றுக்கு நூறு வினாக்களைச் செய்து எண்ணிக்கையில் மகிழ்ந்தவள், இப்பொழுது இருபத்தைந்தே செய்கின்றாள். பரீட்சைக் கட்டணம் மட்டும் 200 அமெரிக்க டொலர். அவளுடைய சம்பளத்தில் அது சிறு தொகையன்று. தாயார் காப்பு ஒன்றை அடகுவைத்ததையும் நாம் அறிவோம். ஆயினும் அவசரப்படாதே என்றே சொன்னோம். அவள் இங்கே கற்கும் பழக்கம், தேறினும் தேறாவிடினும், நாளை இரவு அவளுடைய விடுதியிலேயே பயன்படும்.

குடும்பத்தவருக்கும் ஒரு சொல். உறவினர் வைத்தியசாலையிற் கிடக்கும்போது 'கெதியாக வாருங்கள்' என்று கூவுவதினும், என்ன மாறியது, எப்பொழுது மாறியது என்று சொல்லுதல் நன்று. 'அப்பா காலையில் நன்றாகப் பேசினார். அரை மணித்தியாலமாகப் பேச்சுத் தடுமாறுகின்றது' என்று ஒரு வாக்கியஞ் சொன்னால், தாதி தன் வேலையின் ஒழுங்கையே மாற்றிக்கொள்வார். நோயாளியின் நேற்றைய நிலையை நம்மைவிட நன்கு அறிந்தவர் எவருமிலர். அதனைச் சொன்ன பின்னும் தாதி வேறொரு கட்டிலுக்குச் சென்றால், அங்கே நாம் காணாத ஒன்று இருத்தல் கூடும் என்று எண்ணிப் பொறுத்திருத்தல் வேண்டும்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியிலே வைத்தியத்தின் நான்கு கூறுகளை எண்ணுமிடத்து, நோயாளி, வைத்தியன், மருந்து என்பவற்றோடு அருகிருந்து பணிபுரிபவரையும் ஒருவராக வைத்தார். வைத்தியர் வந்து போவார். கட்டிலருகே இருப்பவர் தாதி.

எம் மருமகள் மாலை ஆறு மணிக் கடமைக்குப் பஸ் ஏறப் புறப்பட்டாள். அடுத்த மாதம் பரீட்சை. படலையடியில் நின்று, "மாமா, உங்களுக்கு அந்த மிஸ்ஸியின் முகமாவது ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டாள். முகம் நினைவிலில்லை என்றோம். அவர் எம்மைக் கடந்து சென்ற நடை மட்டும் நினைவிலிருக்கின்றது.

அடுத்த ஞாயிறு வேறொரு பொருளுடன் சந்திப்போம்.